பட்டறை தேடும் மாணாக்கர்

ஒரு பெருங்கட்டடத்தைக் காண்போர் அதன் தூண்களையும் வளைவுகளையும் வியப்பர். அதைக் கட்டுவித்த செல்வனின் பெயரைக் கேட்பர். கலைநாட்டம் உடையோர் அதனை வரைந்தவனின் பெயரையும் கேட்பர். வரைந்தவன் தன் தொழிலை யாரிடம் கற்றான், அந்த ஆசிரியனை எவ்வாறு அடைந்தான், அதற்கு விலையாக எதைக் கொடுத்தான் என்று கேட்போர் அரியர். கட்டடக்கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறுகளாகவே அமைந்துவிடுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஆசிரியன் மாணாக்கன் உறவைப் பற்றி நம்மவர் சிந்திக்காமலில்லை. நல்லாசிரியனையும் ஆசிரியனாகத் தகாதவனையும் நன்னூலார் உவமைகளால் பிரித்துக் காட்டினார். மாணாக்கரையும் அன்னம், ஆ முதலாக அடுக்கித் தரம்பிரித்தார். ஆயினும், அவ்விருவகை ஆசிரியருள் ஒருவனைத் தெரிந்தெடுக்கும் உரிமை மாணாக்கனுக்கு உண்டா என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. கற்பவன் கைகட்டி நிற்க, ஏற்பதும் மறுப்பதும் ஆசிரியன் செயலாகவே அமைந்த சமுதாயத்தில் அவ்வினா எழுவதற்கும் இடமில்லை.

அவ்வினா எழுந்த ஒரு துறை மேலை நாட்டுக் கட்டடக்கலைக் கல்வி. அங்கே வடிவமைப்பு விரிவுரை மண்டபத்தில் கற்பிக்கப்படுவதன்று, பட்டறையில் கற்கப்படுவது. ஓர் ஆசிரியரின் கீழ்ப் பத்துப் பன்னிருவர் கூடி, கொடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு மாதக்கணக்காக வரைந்தும் அழித்தும் மீண்டும் வரைந்தும் பயிலுமிடமே பட்டறை. ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு ஏறிச் செல்வதே அக்கல்வியின் படிமுறை. எந்தப் பட்டறைக்குச் செல்வது என்பதை யார் தீர்மானிப்பது என்ற பிணக்கு இருநூறு ஆண்டுகளாக அத்துறையில் ஓயாமல் இருந்து வந்திருக்கிறது. அதனைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

இம்முறையின் தாயகம் பாரிஸ். பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சன் கொல்பேர் 1671இல் அரச கட்டடக்கலைக் கழகத்தை நிறுவினான். பிரெஞ்சுப் புரட்சி 1793இல் கழகங்களை ஒழித்தது. புயல் ஓய்ந்தபின், 1819இல், கலைக்கல்லூரி புதிய ஒழுங்கு பெற்றது. ‘எக்கோல் தே போஸார்’ என்று உலகறிந்த நிலையம் அதுவே. அக்கல்லூரியில் ஒரு விந்தை இருந்தது. கணிதம், கட்டுமானம், கலைவரலாறு ஆகியவற்றில் விரிவுரைகள் நடந்தன, போட்டிகள் நடந்தன, பரிசுகள் வழங்கப்பட்டன. ஆயின் வடிவமைப்பை மட்டும் கல்லூரி கற்பிக்கவில்லை. அதைக் கற்கவேண்டுமானால் மாணாக்கன் கல்லூரிக்கு வெளியே, நகரில் எங்கேனும் ஒரு கட்டடக் கலைஞர் நடத்திய ‘அத்தெலியே’ என்னும் பட்டறையில் சேரவேண்டும். கல்லூரிக்குக் கட்டணமில்லை. பட்டறைத் தலைவருக்கும் வாடகைக்கும் விறகுக்கும் விளக்கெண்ணெய்க்கும் மாணாக்கனே பணம் தரவேண்டும்.

எனவே மாணாக்கன் செய்யும் முதல் தீர்மானமே பட்டறைத் தேர்வாக அமைந்தது. தலைவரைத் தெரிந்தெடுத்து, அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்குச் சான்று பெற்ற பின்னரே நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கலாம். தேறினால் இரண்டாம் வகுப்பு. அங்கே ஆண்டுக் கணக்கு இல்லை. பாடத்திட்டத்தின் வரிசைகூட இறுக்கமானதன்று. மாதந்தோறும் நடைபெறும் போட்டிகளில் பெறும் மதிப்புகள் கூடக்கூட அவன் முதலாம் வகுப்புக்கு உயர்வான். ஒருவன் இரண்டாண்டில் ஏறுவான். இன்னொருவன் ஆறாண்டாகியும் ஏறமாட்டான். முதலாம் வகுப்பின் முடியில் இருந்தது ‘உரோமைப் பரிசு’. பிரெஞ்சுக் குடியுரிமையும் முப்பதுக்குட்பட்ட வயதும் உடையவரே அதற்குப் போட்டியிடலாம். வென்றவன் அரசு செலவில் உரோமாபுரியில் சில ஆண்டுகள் தங்குவான். திரும்பிவந்தால் அரசாங்க வேலைகள் அவனைத் தேடி வரும். பரிசை வழங்கியோர் கழகத்து முதியோர். ஆகவே எந்தத் தலைவரின் மாணாக்கர் அதிகம் பரிசு பெறுகின்றனரோ அவரிடமே கூட்டம் மொய்த்தது. தேர்வு மாணாக்கனுடையதாகத் தோன்றினும், தேர்வின் அளவுகோலைக் கையில் வைத்திருந்தவர் வேறு சிலர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பட்டறையின் உள்வாழ்க்கை ஒரு சிறு குடியரசையும் ஒரு சிறு நிலப்பிரபுத்துவத்தையும் ஒருங்கே ஒத்திருந்தது. மாணாக்கர் தமக்குள் ஒருவரைப் பொருளாளராகத் தெரிந்தனர். அவரே பணம் திரட்டி இடத்தைப் பராமரித்தார். தலைவர் வாரத்தில் சிலமுறை வந்து, பலகைக்குப் பலகை சென்று திருத்திவிட்டுப் போவார். எஞ்சிய நேரமெல்லாம் இளையோர்க்கு ஆசிரியர் மூத்தோரே. இதற்கு இளையோர் கொடுத்த விலை அவர்களின் உழைப்பு. அடுப்பு மூட்டுவதும், கடைக்கு ஓடுவதும், மூத்தவரின் படத்துக்கு மை தீட்டி நிழல் நிரப்புவதும் புதியவனின் கடமைகள்.

போட்டி நடைபெற்ற முறையும் நாம் அறியத்தக்கது. போட்டிக்குரிய பொருள் அறிவிக்கப்பட்டதும் மாணாக்கன் சிற்றறை ஒன்றில் தனித்து அமர்ந்து, நூலின் துணையோ ஆசிரியரின் துணையோ இன்றிப் பன்னிரண்டு மணி நேரத்தில் முதல் வரைவை முடிக்கவேண்டும். அதன் படியொன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பி, சில வாரங்களில் அதனை முழுப்படமாக வளர்ப்பான். முதல் வரைவின் அடிப்படைக் கருத்திலிருந்து விலகினால் போட்டியிலிருந்து நீக்கப்படுவான். அன்று அவசரத்தில் எடுத்த முடிவு தவறாயினும் அதனோடே வாழ்ந்து அதை நல்லதாக்கிக் காட்டவேண்டும்! இறுதி நாளில் படங்களை ஏற்றிச் செல்லத் தள்ளுவண்டி வரும். ‘ஷரெத்’ என்பது அவ்வண்டியின் பெயர். வண்டி உருளும்போதும் அதன்மேலிருந்த படத்தில் கடைசிக் கோடுகளை இழுத்தவர் உண்டாம். இன்று உலகெங்கும் கட்டடக்கலை மாணாக்கர் இறுதி இரவுகளின் உறக்கமற்ற உழைப்பை அப்பெயராலேயே குறிக்கின்றனர்.

கழகத்தின் சுவைக்கு மாறான ஓர் ஆசிரியரை மாணாக்கர் விரும்பினால் என்ன நேரும்? ஆங்றி லபுரூஸ்தின் பட்டறை இதற்கு விடை தருகிறது. 1824இல் உரோமைப் பரிசு வென்றவர் அவர். ஆயினும் உரோமாபுரியிலிருந்து அவர் அனுப்பிய ஆராய்ச்சிப் படங்கள் முதியோருக்கு உவப்பளிக்கவில்லை. 1830இல், யூலைப் புரட்சி நிகழ்ந்த அதே ஆண்டில், மாணாக்கர் சிலர் தாமே அவரை நாடிப் பட்டறை திறக்கச் செய்தனர். பின்னாளில் செந் ஜெனவியேவ் நூல்நிலையத்தில் இரும்பை மறைக்காமல் நிறுத்திக் காட்டிய அவர், ஒரு கட்டடத்தின் வடிவம் அதன் பயனிலும் பொருளிலும் இருந்து பிறக்கவேண்டுமென்று கற்பித்தார். அவருடைய மாணாக்கருக்குப் பெரும்பரிசு எட்டாக்கனியாகவே இருந்தது. இதனை அறிந்துகொண்டே அவர்கள் அவரைத் தெரிந்தெடுத்தனர். ஒரு தலைமுறை இளைஞர் தம் வாழ்க்கை வசதியைப் பணயம் வைத்துச் செய்த இத்தேர்வை நாம் சாதாரணமாகக் கருதிவிட முடியாது. 1856இல் லபுரூஸ்த் தம் பட்டறையை மூடினார். அவருடைய மாணாக்கருள் சிலர் வியோலே லெ துக் என்னும் அறிஞரைப் பட்டறை திறக்கும்படி வேண்டினர். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

அந்த வியோலே லெ துக்கின் கருத்துகளே 1863ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாம் நெப்போலியனின் ஆணையாக வெளிவந்தன. கழகத்தின் பிடியிலிருந்து கல்லூரி விடுவிக்கப்பட்டது. கல்லூரிக்குள்ளேயே கட்டணமில்லாத அரசாங்கப் பட்டறைகள் மூன்று கட்டடக்கலைக்கு நிறுவப்பட்டன. உரோமைப் பரிசுக்குரிய வயதெல்லை முப்பதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. வியோலே லெ துக் கலைவரலாற்றுப் பேராசிரியரானார். ஆனால் 1864 ஜனவரியில் அவர் விரிவுரை மேடையேறியபோது மாணாக்கர் சீழ்க்கையடித்தும் கூச்சலிட்டும் அவரைப் பேசவிடவில்லை. இரண்டு மாதங்களில் அவர் பதவி துறந்தார்.

இந்நிகழ்ச்சியை முற்போக்குக்கும் பிற்போக்குக்கும் நடந்த போர் என்று எளிதாக வகுத்துவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கட்டணமற்ற பட்டறை ஏழை மாணாக்கனுக்கு நன்மையே. கழகத்து முதியோரின் ஆதிக்கம் உடைந்ததும் நன்மையே. ஆயின் இவை மேலிருந்து, ஒரு பேரரசனின் கையொப்பத்தோடு வந்தன. பட்டறைத் தலைவரை மாணாக்கன் தெரிந்தெடுத்த இடத்தில் அமைச்சர் தெரிந்து நியமித்தார். கூச்சலிட்டோருள், நெடுங்காலம் காத்திருந்து வயதெல்லைக் குறைப்பால் பரிசை இழந்தோரும் இருந்தனர். பழைய சுவையைக் காக்க நின்றோரும் இருந்தனர். தம் உரிமை பறிபோனதே என்று கொதித்தோரும் இருந்தனர். ஒரே சீழ்க்கையில் மூன்று குரல்கள் கலந்திருந்தன. முடிவில் ஏற்பட்டது ஒரு சமரசம். உள்ளேயிருந்த அரசாங்கப் பட்டறைகளும் வெளியேயிருந்த தனியார் பட்டறைகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அருகருகே நடந்தன.

தெரிந்தெடுக்கும் உரிமையும் எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. கலிபோர்ணியாவிலிருந்து 1896இல் பாரிஸ் வந்த யூலியா மோகன் என்னும் பெண் பொறியியற் பட்டம் பெற்றவர். கட்டடக்கலைப் பகுதி பெண்களுக்கு அதுவரை திறக்கப்படவில்லை. பட்டறையொன்றில் இடம்பெற்று, நுழைவுத் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதி, மூன்றாம் முறை, 1898இல், பதின்மூன்றாம் இடத்தில் தேறினார். அப்பகுதியில் அனுமதிக்கப்பட்ட முதற் பெண் அவரே. மற்றவர்கள் பரிசைக் குறிவைத்துப் பட்டறையைத் தேடினர். அவரோ தம்மை ஏற்கத் துணியும் தலைவர் எவரென்று தேடினார். முப்பது வயது நிரம்பினால் போட்டியிட இயலாதென்ற விதி அவரைத் துரத்தியது. 1902இல், எல்லைக்குச் சற்று முன்னதாக, சான்றிதழ் பெற்றார். பின்னர் கலிபோர்ணியாவில் அவர் வரைந்த கட்டடங்கள் எழுநூறு வரையில் என்பர்.

அமெரிக்கருக்கும் பாரிஸுக்கும் இருந்த தொடர்பு மோகனுக்கு முன்னரே அரைநூற்றாண்டுப் பழைமை உடையது. அங்கே கட்டடக்கலை பயின்ற முதல் அமெரிக்கரான றிச்சாட் மொறிஸ் ஹன்ட் 1846இல் கல்லூரியிற் சேர்ந்தவர். நாடு திரும்பி நியூ யோர்க்கில் தாமே ஒரு பட்டறை நடத்தினார். அப்பட்டறையில் பயின்ற வில்லியம் வெயர் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் அந்நாட்டின் முதலாவது கட்டடக்கலைக் கல்வித்துறையை அமைத்தார். 1868இல் வகுப்புகள் தொடங்கின. பட்டறை இவ்வாறு பல்கலைக்கழகத்தின் கூரைக்குள் புகுந்தது. தெருவில் இருந்த பட்டறையை மாணாக்கன் விட்டு விலகலாம்; பல்கலைக்கழகப் பட்டறையோ ஆண்டு வகுப்பாக மாறியது. முதலாண்டுக்கு ஒன்று, இரண்டாமாண்டுக்கு ஒன்று என்று வரிசை ஏற்பட்டது. பாரிஸின் போட்டியும் நடுவர் குழுவும் கடல் கடந்தன. தேர்வுரிமை கரையிலேயே தங்கிவிட்டது.

அது மீண்டும் தலைகாட்டியது பட்டப்பின் கல்வியில். ஹாவாட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டப்பின் கல்லூரி 1936இல் உருவானது. நாற்சியரின் ஜேர்மனியை நீங்கி இங்கிலாந்து வழியாக வந்த வால்ற்றர் குறோப்பியஸ் 1937இல் அங்கே சேர்ந்தார். ஏற்கெனவே தொழிற்பட்டம் பெற்றோர் அவருடைய முதுமாணி வகுப்பை நாடி உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்தனர். அவரிடம் பயின்ற போல் றுடொல்ப் பிற்காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவராகி, வெளியூர்க் கலைஞர் பலரைக் குறுகிய காலத்துக்கு அழைத்துப் பட்டறை நடத்தச் செய்தார். வருகைதரும் ஆசிரியர் பலராயினர்; அவர்களுள் யாரிடம் செல்வது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

இன்றைய அமெரிக்கப் பட்டப்பின் கல்லூரிகளில் நடைமுறை பெரும்பாலும் இதுவே: வேறு துறையில் பட்டம் பெற்று வருவோர் மூன்று அல்லது மூன்றரை ஆண்டு பயில்வர். முதல் மூன்று நான்கு பருவங்கள் எல்லார்க்கும் பொதுவான அடிப்படைப் பட்டறைகள். அங்கே தேர்வு இல்லை. அதன் பின்னரே உயர்நிலைப் பட்டறைகள். பருவத் தொடக்கத்தில் ஒரு நாள் ஆசிரியர் அனைவரும் கூடித் தத்தம் பட்டறையின் பொருளைச் சில நிமிடங்களில் எடுத்துரைப்பர். ஒருவர் வெள்ளத்தில் அமிழும் கடற்கரை நகரைக் கூறுவார், ஒருவர் சிறைச்சாலையை, ஒருவர் மூங்கிலை. மாணாக்கர் தம் விருப்பத்தை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பர். பின்னர் திருவுளச்சீட்டு! தொழிற்பட்டம் பெற்று வந்தோர் அடிப்படைப் படிகளை ஏறாமலே நேரே இச்சீட்டுக்கு வந்துசேர்வர்.

சீட்டுக் குலுக்கலில் ஒரு நேர்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. செல்வன் மகனுக்கும் தொழிலாளி மகளுக்கும் ஒரே சீட்டு. ஆனால் சீட்டில் எழுதும் பெயரை அவர்கள் ஒரே மனத்தோடு எழுதுவதில்லை. கல்விக்கடனைச் சுமந்து நிற்பவர், பட்டம் பெற்றதும் வேலை தரக்கூடிய அலுவலகத்தின் தலைவர் யாரோ அவரையே முதலில் எழுதுவார். கடனில்லாதவர் தம் மனம் விரும்பிய பொருளை எழுதுவார். பாரிஸில் உரோமைப் பரிசு செய்த வேலையை இங்கே ஆசிரியரின் புகழ் செய்கிறது.

யேலில் 1968இல் நடைபெற்ற ஒரு பட்டறை இங்கே குறிப்பிடத்தக்கது. றொபேட் வென்ற்றூரி, டெனிஸ் ஸ்கொட் பிறவுண், ஸ்ரீவன் ஐசனோர் ஆகிய மூவர் பதின்மூன்று மாணாக்கரோடு லாஸ் வேகாஸ் நகரின் விளம்பரப் பலகைகளையும் சூதாட்ட மண்டபங்களையும் ஆராயச் சென்றனர். பத்து நாள் அங்கே தங்கிப் படமெடுத்தனர், அளந்தனர், எண்ணினர். மாணாக்கர் தம் பட்டறைக்குத் தாமே ‘மாபெரும் பாட்டாளி வர்க்கப் பண்பாட்டு நீராவிப்பொறி’ என்ற கேலிப்பெயரையும் சூட்டினர். சீனத்தின் கலாசாரப் புரட்சி உலகமெங்கும் பேசப்பட்ட காலமல்லவா? அப்பட்டறையின் பயனாக 1972இல் வெளிவந்த நூல் ஒரு புதிய கட்டடக்கலைக் கொள்கையின் மூலநூலாயிற்று. மாணாக்கரின் பெயர்கள் நூலின் உள்ளே உள. அட்டையில் மூவரின் பெயர்களே. நன்னூலார் போலி ஆசிரியனுக்குச் சொன்ன உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. நீர் வார்த்தவன் ஒருவனாக, வளைந்து சென்று அடுத்தவன் வளவில் காய் சொரியும் தென்னை அது. அம்மூவரையும் நாம் போலி ஆசிரியர் என்றல்ல. பெயர்களை மறைக்காமல் அச்சிட்டது அவர்களின் நேர்மை. ஆயினும் பட்டறை என்னும் தென்னை எப்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதற்கு அவ்வட்டை ஒரு சான்றாகிறது.

அதே யேலில், 1967இல், சாள்ஸ் மூர் வேறொரு வழியைத் தொடக்கினார். பட்டப்பின் முதலாண்டு மாணாக்கர் அனைவரும் ஒரு கட்டடத்தை வரைந்து தம் கைகளாலேயே கட்டவேண்டும். முதற்கட்டடம் கென்ரக்கி மாநிலத்து ஏழைக் கிராமமொன்றில் எழுந்த சமுதாய நிலையம். பின்னாளில் நியூ ஹேவன் நகரின் வறியோர்க்கு வீடுகள் எழுந்தன. இங்கே தேர்வே இல்லை. எல்லாரும் சுத்தியல் பிடிக்கவேண்டும். தேர்வுரிமை பேசும் நாம் இதனைப் பாராட்டத் தயங்கவேண்டியதில்லை.

உழைப்பின் விலை நாளடைவில் மறைக்க முடியாததாயிற்று. அமெரிக்கக் கட்டடக்கலை மாணாக்கர் கழகம் 2002இல் பட்டறைப் பண்பாட்டைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. உறங்காமல் உழைப்பதைப் பெருமையாகக் கருதுவதும், நடுவர் முன் மாணாக்கரை நாணவைப்பதும் அதில் வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்டன. அதன்பின், கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் சபை, ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டறைப் பண்பாடு பற்றிய கொள்கையை எழுத்தில் வைத்திருக்கவேண்டும் என விதித்தது. பாரிஸில் மாணாக்கர் அவ்வளவு பொறுக்கவில்லை. 1968 மே மாதத்தில் கலைக்கல்லூரியைக் கைப்பற்றி, பட்டறைகளைத் தொழிலாளருக்கான சுவரொட்டி அச்சகமாக மாற்றினர். அவ்வாண்டு டிசம்பரில் கட்டடக்கலை அக்கல்லூரியிலிருந்தே பிரிக்கப்பட்டது. உரோமைப் பரிசின் பழைய போட்டியும் அத்துடன் முடிவுற்றது.

இலண்டனின் கதை வேறு. அங்கே கல்லூரியும் இல்லை, கழகத்தின் பட்டறையும் இல்லை. தந்தை பணம் கட்டி ஒரு கலைஞரின் அலுவலகத்தில் மகனை ஒப்பந்தம் செய்துவிடுவார். அவன் சில ஆண்டு படிகள் எடுத்துக் கழிப்பான். நாவலாசிரியர் தோமஸ் ஹாடி அவ்வாறு கட்டடக்கலை பயின்றவரே. இம்முறையில் வெறுப்புற்ற இளம் எழுத்தர்கள் 1847இல் கூடி, ஒருவர்க்கொருவர் ஆசிரியராகி, கட்டடக்கலைச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். மாணாக்கரால் பிறந்த கல்லூரி அது. ஹாடியும் 1863இல் அதன் பரிசொன்றைப் பெற்றார். பெண்களுக்கு 1917இல் அதன் கதவு திறந்தது. இந்திய விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் பங்குகொண்டமைக்காகப் பம்பாயில் கல்வியை இழந்த நம் நாட்டு மினெற் டி சில்வா, 1945இல் சென்று பயின்றதும் அங்கேதான். ஜெவ்றி பாவா 1957இல் தேர்ச்சி பெற்றதும் அங்கேதான்.

ஆண்டு வகுப்புகளை நீக்கிச் சிறு குழுக்களாகப் பயிலும் முறையை அச்சங்கம் 1930களின் நடுவில் ஏற்றது. 1938இல் நிருவாகம் அதை மாற்ற முயன்றபோது மாணாக்கர் எதிர்த்து நின்றனர். 1970இல் கல்லூரியே மூடப்படும் நிலை ஏற்பட்டது. மாணாக்கரும் ஆசிரியரும் வாக்களித்து 1971இல் அல்வின் பொயாஸ்கியைத் தலைவராக்கினர். அவர் குழுமுறையைப் புதுப்பித்தார். ஒவ்வோராண்டும் குழுத்தலைவர்கள் தம் திட்டத்தை அறிவித்து மாணாக்கரை அழைப்பர். மாணாக்கர் தம் படங்களோடு சென்று நேர்முகம் காண்பர். இருபுறமும் தேர்வு நடைபெறும். குழுத்தலைவருக்கு நிலையான பதவி இல்லை. மாணாக்கர் நாடாத குழு அடுத்த ஆண்டு இருக்காது. ஈராக்கிலிருந்து வந்த சஹா ஹடிட், றெம் கூல்ஹாஸும் எலியா செங்கெலிஸும் நடத்திய குழுவைத் தெரிந்து 1977இல் தேறி, பின்னர் அதே குழுவைத் தாமே நடத்தியது இம்முறையின் விளைவே. பொதுச்செலவில் அன்றிக் கட்டணத்தில் இயங்கும் கல்லூரி அது. அக்கட்டணத்தைக் கட்டவல்லார் யார் என்பதையும், ஆண்டுதோறும் தம் சரக்கைக் கூவி விற்கவேண்டிய ஆசிரியர் எவ்வளவு காலம் சிந்தனையாளராக நிலைப்பர் என்பதையும் அதன் புகழ் பாடுவோர் கேட்பதில்லை.

தலைவரை வாக்கால் தெரியும் வழக்கம் அங்கே இன்னும் ஒழியவில்லை. 2018இல் மாணாக்கரும் ஆசிரியரும் பெரும்பான்மை வாக்கால் ஏவா பிறாங்க் என்பவரை இயக்குநராக்கினர். அவரே அச்சங்கத்தின் நிரந்தர இயக்குநரான முதற் பெண். 2020இல் அதே கூட்டத்தினர் அவர்மேல் நம்பிக்கையில்லை என வாக்களிக்க, அவர் பதவி நீக்கப்பட்டார். 2022இல் மீண்டும் வாக்கெடுப்பு நடைபெற்றது.